பிள்ளை சாப்பிட மறுத்தால், கதைக்க மறுத்தால்: கொழும்பில் எங்கே தொடங்குவது

முதலில் அந்தப் பழைய கொப்பியைத் தேடி எடுங்கள். பிள்ளை பிறந்த நாட்களில் கையில் தந்த சுகாதார அபிவிருத்திப் பதிவேடு, தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் மருத்துவமாது நிறை எழுதித் தந்த அதே கொப்பி. ஐந்து வயதோடு அது அலுமாரிக்குள் போய், பிறப்புச் சான்றிதழோடும் பழைய பில்களோடும் கிடக்கும். அதற்குப் பிறகு பள்ளிக்கூட மருத்துவப் பரிசோதனையில் எடுத்த உயரம் நிறை, காய்ச்சலுக்குப் போனபோது டொக்டர் துண்டில் எழுதிய நிறை, எது கிடைத்தாலும் திகதியோடு அதில் சேர்த்து எழுதுங்கள். பிள்ளை சாப்பிடாமல் இருப்பது வெறும் அடமா வருத்தமா என்ற கேள்விக்கு வீட்டிலேயே கிடைக்கக்கூடிய நம்பகமான பதில் அந்த வளர்ச்சிக் கோட்டில்தான் இருக்கிறது.

கோடு தன் பாதையில் போகிறது, பிள்ளை ஓடி விளையாடுகிறது, மரக்கறியைக் கண்டால் மட்டும் முகத்தைச் சுளிக்கிறது என்றால் பெரும்பாலும் அது வயதின் வேலை. இரண்டு வயதிலிருந்து ஐந்தாறு வயது வரை புதுச் சாப்பாட்டைக் கண்டு பின்வாங்குவது சாதாரணம். கோடு படுத்துவிட்டால்தான் யோசிக்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான்: வளரும் பிள்ளையின் நிறை குறைய வேண்டும் என்றில்லை, ஒரு வருடமாக அதே நிறையில் நின்றாலே அது இழப்புத்தான். உயரம் நின்றுபோவது, பெரியபிள்ளையாவது மிகவும் தள்ளிப்போவது, வந்துகொண்டிருந்த மாதவிடாய் நின்றுபோவது எல்லாம் அதே கணக்கில் வரும். இணையத்தில் பெரியவர்களுக்குப் போட்டிருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கு நிறை பொருத்தமா என்று பார்க்கும் கணக்கு) அட்டவணையைப் பார்த்து ஆறுதலடையவோ பயப்படவோ வேண்டாம், பிள்ளைகளுக்கு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்துப் பார்க்கும் வளைகோடு தனி.

நான் டொக்டர் இல்லை. கொழும்பில் சிங்களம் தெரியாத குடும்பங்களோடு கிளினிக்குகளுக்குப் போய் மொழிக்கு உதவுகிறவள். நோயின் பெயரைச் சொல்வது டொக்டரின் வேலை, நீங்களோ நானோ இணையத்தைப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. ஆனால் பிள்ளையைச் சாப்பிடவோ கதைக்கவோ மறுக்க வைக்கும் அரிதான மனநல வருத்தங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்கானில் தெரிகிற அடையாளம் கிடையாது, வீட்டில் உள்ளவர்கள் என்ன பார்த்தார்கள் என்பதை வைத்துத்தான் டொக்டரே முடிவுக்கு வருகிறார். ஐந்து பிள்ளைகள் ஒரே மாதிரி சாப்பிட மறுக்கலாம், ஐந்துக்கும் காரணம் வேறாக இருக்கும், வைத்தியமும் வேறாக இருக்கும். அந்தக் காரணத்துக்குப் பக்கத்தில் போக நீங்கள் வீட்டில் செய்யக்கூடியதைத்தான் கீழே எழுதுகிறேன்.

பத்துப் பதினான்கு நாட்களுக்கு ஒரு குறிப்பு வையுங்கள். சாப்பிட்டது, சாப்பிடாதது, நேரம், யார் பக்கத்தில் இருந்தார்கள், தீத்திவிட்டீர்களா பிள்ளை தானாக எடுத்ததா, ஃபோன் பார்த்துக்கொண்டா. சத்தி எடுத்தால் ஓங்காளித்து எடுத்ததா, சிரமமில்லாமல் வாய்க்கு வந்ததா, சாப்பிட்டு எத்தனை நிமிடத்தில். நித்திரை எப்படி, மலம் எப்படி. அம்மம்மா வீட்டில் எப்படி, பள்ளிக்கூடத்தில் எப்படி (லன்ச் பொக்ஸ் காலியாக வருவதை மட்டும் நம்ப வேண்டாம், வகுப்பு டீச்சரிடம் கேளுங்கள்). வித்தியாசமாக ஏதும் செய்தால் ஃபோனில் ஒரு நிமிட வீடியோ எடுங்கள். டொக்டரின் அறையில் பிள்ளை பூனைக்குட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும், ஒன்றும் நடக்காது, அந்த வீடியோதான் கதைக்கும். ஒன்று மட்டும், அதை உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பாதீர்கள்.

அப்புறம் பிள்ளையிடமே கேட்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் கேட்டால் பதில் வராது, அங்கே ஏற்கெனவே சண்டை நடந்து முடிந்திருக்கும். த்ரீவீலில் போகும்போது, கோல்ஃபேஸில் நடக்கும்போது, அதாவது முகத்துக்கு நேரே முகம் பார்க்காத இடத்தில் கேளுங்கள். "ஏன் சாப்பிடவில்லை" என்று தொடங்காமல், "சாப்பாடு வாயில் போகும்போது என்ன நடக்கும் என்று பயமாக இருக்கு?" என்ற மாதிரி. சிக்கிவிடும் என்று சொல்கிறதா, மணம் பிடிக்கவில்லையா, பசியே தெரியவில்லையா, கொழுத்துவிடுவேன் என்கிறதா, கையில் கிருமி இருக்கிறது என்கிறதா, யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்கிறதா? இந்த ஆறு பதிலும் ஒரே பாதைக்குக் கொண்டுபோகாது.

முதல் மூன்று பதிலும் அர்ஃபிட் என்கிற தவிர்ப்பு உணவு நோயின் பக்கம் போகலாம். மனநோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு 2013இல் வந்தபோதுதான் இதற்கு இந்தப் பெயர் கிடைத்தது, அதனால் அதற்கு முன் படித்த பல டொக்டர்மாருக்கே இது பெரிதாகப் பழக்கமில்லை. உடம்பு மெலிய வேண்டும் என்ற எண்ணம் இதில் இருக்காது. ஒரு வகைப் பிள்ளைகள் மணம், நிறம், வாயில் படுகிற தன்மைக்காக ஒதுக்குவார்கள்: வெள்ளைச் சோறு சரி, அதில் பருப்பு பட்டுவிட்டால் கோப்பையையே தள்ளிவிடுவார்கள்; குறிப்பிட்ட ஒரு கம்பனியின் பிஸ்கட் மட்டும், அதுவும் உடையாமல் இருக்க வேண்டும். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் இதை அதிகம் காணலாம். இன்னொரு வகைக்குச் சாப்பாட்டில் அக்கறையே கிடையாது, ஞாபகப்படுத்தாவிட்டால் நாள் முழுக்கச் சும்மா இருந்துவிடும். மூன்றாவது வகை பயம், பெரும்பாலும் திடீரென்று தொடங்கும்: மீன் முள் தொண்டையில் சிக்கியது, புரையேறி மூச்சு முட்டியது, வாகனத்தில் சத்தி எடுத்தது, அதற்கு அடுத்த நாளிலிருந்து கஞ்சியும் பாலும் தவிர ஒன்றும் இறங்காது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன், அர்ஃபிட் உள்ள எல்லாப் பிள்ளையும் மெலிந்திருக்காது. பிஸ்கட், சிப்ஸ், பால்தேத்தண்ணி மட்டும் சாப்பிட்டுக்கொண்டு நிறை சரியாக, ஏன் கூடுதலாகக்கூட இருக்கும் பிள்ளைக்கு உள்ளே சத்துக்குறைபாடு இருக்கலாம். பழமும் மரக்கறியும் நீண்டகாலம் தொடாத பிள்ளை கால் வலிக்கிறது என்று நடக்க மறுத்தால், பல் ஈறில் இரத்தம் கசிந்தால், விட்டமின் சி குறைபாட்டால் வரும் ஸ்கர்வியா என்று கேளுங்கள். பழைய காலத்துக் கப்பல்காரர்களின் வருத்தம் என்று நினைக்க வேண்டாம், இந்தப் பிள்ளைகளில் இப்போதும் வருகிறது.

கொழுத்துவிடுவேன் என்ற பதில், நிறை கூடிவிடும் என்ற பயத்தில் பட்டினி கிடக்கும் அனொரெக்சியாவின் பக்கம். இதை வெளிநாட்டு வருத்தம், பணக்கார வீட்டு வருத்தம் என்று சொல்லிக்கொண்டு காலத்தைக் கடத்துகிறோம். மனநோய்களில் உயிரிழப்பு அதிகமானவற்றில் இதுவும் ஒன்று. பிள்ளை வாயால் "கொழுத்துவிடுவேன்" என்று சொல்லாமலும் இருக்கலாம், சின்ன வயதில் அப்படிச் சொற்களில் வராது, வயிறு நோகுது, நிறைஞ்சுபோச்சு என்றுதான் வரும். நம் வீடுகளில் அது எப்படி ஒளிந்துகொள்ளும் என்று பாருங்கள்: திடீரென்று மச்சம் விட்டுவிட்டேன் என்று சொல்வது, அப்புறம் வெள்ளிக்கிழமை விரதம், அப்புறம் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உபவாசம், வீட்டில் எல்லோருக்கும் பெருமை. முஸ்லிம் வீட்டுப் பிள்ளைக்கு நோன்பு முடிந்தும் சுன்னத்தான நோன்பு நீண்டுகொண்டே போகும். விரதத்தைக் குறைசொல்லவில்லை. விரதம் முடிந்த பிறகு பிள்ளை ஆசையாகச் சாப்பிடுகிறதா என்று பார்த்தால் போதும். பாரணைக்கும் சாப்பிடாமல் அடுத்த காரணத்தைத் தேடுகிற பிள்ளையைக் கவனியுங்கள். மற்றவர்களுக்குச் சமைத்துப் பரிமாறிவிட்டுத் தான் தொடாமல் இருப்பது, வெள்ளவத்தை வெக்கையிலும் முழுக்கை உடுப்பு, கதவைச் சாத்திக்கொண்டு உடற்பயிற்சி, சாப்பிட்டவுடன் குளியலறை, ஒரு பிழையும் விடாத படிப்பு, இவையும் அடையாளங்கள். ஆம்பிளைப் பிள்ளைக்கும் வரும். அங்கே அது ஜிம், புரோட்டீன் பவுடர், வயிற்றில் கட்டம் தெரிய வேண்டும் என்ற வேடத்தில் இருக்கும், அதனால் இன்னும் பிந்தித்தான் தெரியவரும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். மண், சோக்கட்டி, சுவர்ப் பெயின்ட், கடதாசி, பச்சை அரிசி என்று சாப்பிடுவது ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், பிள்ளைக்கு இரண்டு வயதும் தாண்டியிருந்தால், அது பைக்கா. அடிக்க வேண்டாம், இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்: இரும்புச்சத்துக் குறைபாட்டோடு இது அடிக்கடி சேர்ந்து வரும். பழைய வீட்டுப் பெயின்டை உரித்துத் தின்கிற பிள்ளைக்கு ஈய அளவும், மண் தின்கிற பிள்ளைக்குப் பூச்சியும் பார்க்க வேண்டும்.

சாப்பிட்டுச் சில நிமிடங்களில் ஓங்காளம் இல்லாமல் சாப்பாடு வாய்க்குத் திரும்பி வந்து, பிள்ளை அதைத் திரும்ப மென்று விழுங்கினால் அல்லது துப்பினால் அது அசைபோடும் நோயாக இருக்கலாம். இந்தப் பிள்ளைகள் நெஞ்செரிவு மருந்து மாதக் கணக்கில் குடித்துவிட்டுத்தான் சரியான இடத்துக்கு வருவார்கள். நித்திரையில் இது நடக்காது, அதைக் குறித்து வையுங்கள், டொக்டருக்கு அது பெரிய துப்பு. வைத்தியம் ஆச்சரியமாக எளிது, வயிற்றை அசைத்து மூச்சு விடும் பயிற்சியைச் சாப்பிட்டவுடன் செய்வது. ஒழுங்காகச் செய்தால் பலருக்குக் குறையும்.

தலைமுடியைப் பிடுங்கும் பிள்ளை அதை விழுங்குகிறதா என்றும் பாருங்கள். முடி சமிக்காது, இரைப்பையில் உருண்டு கட்டியாகி, சத்தியும் வயிற்றுவலியும் மெலிவுமாக வந்து, ஒப்பரேஷன் செய்து எடுத்த பிள்ளைகள் உண்டு. தலையில் வழுக்கைத் திட்டும் வயிற்றில் கட்டியும் சேர்ந்து இருந்தால் அன்றே காட்டுங்கள்.

நேரெதிராக, பசி அடங்காத பிள்ளையும் இருக்கிறது. பிறந்தபோது துணிப்பொம்மை போல் தளர்ந்து, பால் இழுத்துக் குடிக்கவே முடியாமல் இருந்த குழந்தை, சில வருடங்களில் ஓயாமல் சாப்பாடு தேடி, குப்பைக்கூடைவரை கையை விட்டால், பிராடர்-வில்லி என்கிற மரபணுப் பிரச்சினையா என்று கேட்க வேண்டும், 15ஆம் குரோமோசோமில் வருவது. பேராசை என்று ஏசிப் பயனில்லை, மூளையில் நிறைவு என்ற செய்தியே போவதில்லை. அந்த வீடுகளில் ஃபிரிட்ஜுக்குப் பூட்டுப் போடுவது வைத்தியத்தின் ஒரு பகுதி.

சரி, மனதுக்குப் போகுமுன் உடம்பு. சாப்பிடாத பிள்ளை எல்லாம் மனநல வருத்தமுள்ள பிள்ளை இல்லை. உணவுக்குழாயின் அடிவாசல் திறக்காத அக்கலேசியா, குடல் அழற்சி, கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக், தைரொய்ட், முதலாம் வகை நீரிழிவு, காசநோய், அரிதாக மூளைக்கட்டி, இவை எல்லாம் "சாப்பிட மாட்டேங்குது, மெலியுது" என்றுதான் தொடங்கும். காலையில் தலைவலியோடு சத்தி, இரவில் எழுப்பும் வயிற்றுவலி, மலத்தில் இரத்தம், விழுங்கும்போது சிக்கல், அளவில்லாத தாகம் இருந்தால் அதை முதல் வரியாகச் சொல்லுங்கள். காய்ச்சலோடு சாப்பிடாமல் கிடக்கும் பிள்ளைக்குக் கொழும்பில் முதலில் டெங்கு பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. பொதுவாக இரத்த எண்ணிக்கை, இரும்புச் சேமிப்பு, சீனி, தைரொய்ட், உப்புகள், பொஸ்பேட், ஈசிஜி என்று எழுதுவார்கள். ஒரு எச்சரிக்கை, பட்டினி கிடக்கும் பிள்ளையின் இரத்த ரிப்போர்ட் கடைசிவரை நன்றாகவே வரக்கூடும். "ரிப்போர்ட் எல்லாம் நோர்மல்" என்று யாரும் வீட்டுக்கு அனுப்பினால், நாடித்துடிப்பு பார்த்தீர்களா, நின்றும் படுத்தும் பிரஷர் பார்த்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

கிளினிக் திகதிக்குக் காத்திருக்கக் கூடாத நிலைமைகள் இவை: ஒருநாளாக எதையும் குடிக்கவும் மறுப்பது, எழும்பினால் மயங்குவது, விழித்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 50க்குக் கீழ், கை கால் குளிர்ந்து நீலம் பாரிப்பது, நெஞ்சு படபடப்பு, சில வாரங்களில் விறுவிறென்று நிறை இறங்குவது, வலிப்பு, ஆளை அடையாளம் தெரியாத குழப்பம், சாக வேண்டும் என்ற பேச்சு. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பொரளையில் லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. களுபோவில, ராகம போதனா வைத்தியசாலைகளிலும் சிறுவர் வார்ட் உண்டு. கட்டணம் கிடையாது. பதின்ம வயதுப் பிள்ளை என்றால் சிறுவர் பகுதியா பெரியவர் பகுதியா என்று வாசலில் கேட்டுவிட்டுப் போங்கள், அலைச்சல் மிச்சம்.

இன்னொன்று. பல வாரம் பட்டினி கிடந்த பிள்ளை "சரி, சாப்பிடுகிறேன்" என்றவுடன் ஆசையில் ஒரேயடியாக ஊட்டிவிடாதீர்கள். உடம்பு திடீரென்று சாப்பாட்டைக் கண்டதும் இரத்தத்தில் பொஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயம்வரை பாதிக்கலாம், முதல் சில நாட்கள்தான் ஆபத்து அதிகம். எவ்வளவில் தொடங்குவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை இரத்தம் பார்ப்பது என்பதை ஆஸ்பத்திரி சொல்லட்டும்.

இனி மனதின் பக்கம். பிள்ளைகளுக்குக் கற்பனைத் தோழர்கள் இருப்பார்கள், நித்திரைக்குப் போகும் நேரத்தில் குரல் கேட்டது என்பார்கள், செத்துப்போன தாத்தாவைக் கனவில் கண்டது என்பார்கள். இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். இல்லாத குரல் கேட்பதும் நடக்காததை நம்புவதுமாக வரும் ஸ்கிட்சோஃபிரீனியா என்ற கடும் மனநோய் 13 வயதுக்கு முன் தொடங்குவது மிக மிக அரிது. ஆனால் பகலில், விழித்திருக்கும்போது, பிள்ளையைப் பயமுறுத்துகிற அல்லது கட்டளையிடுகிற குரல், அதோடு படிப்பு சரிந்து, குளிக்காமல், நண்பர்களை விட்டு ஒதுங்கி, பேச்சுத் தொடர்பில்லாமல் போவது என்று மாதக் கணக்கில் நீண்டால் சிறுவர் மனநல வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும். சாப்பாட்டில் நஞ்சு கலந்திருக்கிறது என்று மறுக்கிற பிள்ளையும் இங்கேதான் வரும்.

இதைவிட அவசரம் ஒன்று உண்டு. நேற்றுவரை நன்றாக இருந்த பிள்ளை சில நாட்களிலோ ஓரிரண்டு வாரத்திலோ ஆளே மாறி, கத்தி, நித்திரையில்லாமல், பேச்சுக் குளறி அல்லது நின்று, வாயும் கையும் தன்பாட்டில் அசைந்து, வலிப்பும் வந்தால், அது மனநோய் மாதிரித் தோற்றமளிக்கும் மூளை அழற்சியாக இருக்கலாம். மூளையில் உள்ள என்எம்டிஏ ஏற்பிக்கு எதிராக உடம்பே உண்டாக்கும் எதிர்ப்பொருளால் வருவது என்று நரம்பியல் டொக்டர் யோசெப் டல்மாவும் அவருடைய குழுவும் 2007இல் விளக்கினார்கள். முதுகுத் தண்டு நீர்ச் சோதனை, மூளை மின்னலைப் பதிவு, எம்ஆர்ஐ தேவைப்படும். ஸ்டீரொய்ட், இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றுதல் என்று வைத்தியம் உண்டு, பெரும்பாலான பிள்ளைகள் மாதங்கள் எடுத்தாலும் தேறிவருகிறார்கள். பெண் பிள்ளைகளில் சூலகத்தில் கட்டி இருக்கிறதா என்றும் ஸ்கான் செய்வார்கள். இந்த வருத்தம்தான் நம் ஊரில் பேய் பிடித்தது, செய்வினை என்று நாட்களை விழுங்குகிறது. நூல் கட்டுங்கள், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்துங்கள், யாரும் தடுக்கவில்லை, ஆனால் அதே நாளில் ஆஸ்பத்திரிக்கும் போங்கள். வேப்பிலையால் அடிக்கவோ புகை போடவோ பட்டினி போடவோ யாரையும் விடாதீர்கள்.

ஒரே இரவில் தொடங்கியது போல் கை கழுவும் வெறி, திரும்பத் திரும்பச் செய்யும் சடங்கு, சாப்பாட்டுப் பயம் எல்லாம் வந்தால், அதற்கு முன் தொண்டைநோவு காய்ச்சல் ஏதும் இருந்ததா என்று யோசித்துச் சொல்லுங்கள். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற தொண்டைக் கிருமியின் தொற்றுக்குப் பிறகு இப்படி வரலாம் என்று 1998இல் பாண்டாஸ் என்று பெயர் வைத்தார்கள். வைத்தியர்களுக்குள்ளேயே இதைப்பற்றி வாதம் இருக்கிறது, அதனால் இணையத்தைப் பார்த்து அன்டிபயோட்டிக் வாங்கிக் கொடுக்க வேண்டாம், தகவலை மட்டும் கொண்டுபோங்கள்.

கதைக்காத பிள்ளை பற்றி. வீட்டில் வாய் ஓயாது, வகுப்பில் ஒரு சொல் வராது, பள்ளிக்கூடம் சேர்ந்து முதல் மாதம் கழிந்தும் அப்படியே. தெரிவுசெய்த மௌனம் என்று சொல்லும் இது திமிர் கிடையாது, பதற்றம். பிள்ளைக்குத் தொண்டை அடைத்துவிடுகிறது. கொழும்பில் இதைப் பிரித்தறிவது கொஞ்சம் சிக்கல். வீட்டில் தமிழ், வகுப்பு இங்கிலிஷ், விளையாட்டுத் திடலில் சிங்களம் என்று வாழும் பிள்ளை புது மொழியில் சில மாதம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பது இயல்பு. தமிழ் டீச்சரிடமும் தமிழ் நண்பனிடமும்கூடக் கதைக்கவில்லையா என்று பாருங்கள், அங்கே கதைத்தால் பெரும்பாலும் மொழிதான் காரணம். எங்கேயும் இல்லை என்றால் வைத்தியம் படிப்படியாக நடக்கும்: வகுப்பு விட்ட பிறகு வெறும் வகுப்பறையில் அம்மாவோடு விளையாடிக் கதைப்பது, டீச்சர் தூரத்தில் ஏதோ வேலையாக இருப்பது, நாளடைவில் பக்கத்தில் வருவது, அம்மா மெல்ல வெளியே போவது. மேடையில் ஏற்றி "சொல்லு பார்ப்போம்" என்கிற டீச்சருக்கு டொக்டரின் கடிதத்தைக் கொடுங்கள்.

எங்கே காட்டுவது? அரச பக்கத்தில், ரிட்ஜ்வே ஓபிடிக்கோ சிறுவர் கிளினிக்குக்கோ போய், அங்கிருந்து மனநலப் பிரிவுக்குக் கடிதம் வாங்குவது ஒரு வழி. வீட்டுக்குப் பக்கத்து ஜீபியோ சிறுவர் வைத்தியரோ கடிதம் தந்தால் வேலை சுலபம். காலையிலேயே போங்கள், தண்ணீரும் பிள்ளைக்கு ஏதாவது விளையாட்டுச் சாமானும் கொண்டுபோங்கள். சனல் பண்ணிப் பார்ப்பதானால் சிறுவர் மனநல வைத்தியர் என்று குறிப்பாகக் கேளுங்கள், பெயர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவாகியிருக்க வேண்டும். கவுன்சிலிங் என்று பலகை போட்ட எல்லா இடத்திலும் இந்த வருத்தங்களுக்குப் பயிற்சி பெற்றவர்கள் இருப்பதில்லை, எங்கே படித்தீர்கள், இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்பதில் மரியாதைக்குறைவு ஒன்றுமில்லை. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள். அங்கொடை என்ற பெயரைக் கேட்டதுமே ஃபோனை வைத்துவிடுகிறவர்கள் உண்டு, கதைப்பதனால் யாரும் உங்கள் பிள்ளையை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட மாட்டார்கள்.

தமிழில் கதைக்கிற டொக்டரோ தாதியோ இருக்கிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள். இல்லையென்றால் பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போங்கள். சிங்களம் நன்றாகத் தெரியும் என்று அக்காவையோ அந்தப் பிள்ளையையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள், சொல்ல வேண்டியதில் பாதி அங்கேயே விழுங்கப்பட்டுவிடும். டொக்டர் பிள்ளையோடு தனியாகக் கதைக்க வேண்டும் என்றால் வெளியே போய் நில்லுங்கள். சாப்பிட மறுப்பதற்குப் பின்னால் யாரோ பிள்ளையிடம் தவறாக நடந்ததும் இருக்கக்கூடும், அதை உங்கள் முன்னால் சொல்ல முடியாமல் இருக்கலாம். அப்படி ஏதும் தெரியவந்தால் சிறுவர் பாதுகாப்புக்கு 1929.

வைத்தியம் என்று வரும்போது பெற்றோர் எதிர்பார்ப்பது குளிசை. அனொரெக்சியாவைக் குணப்படுத்தும் குளிசை கிடையாது. பிள்ளைகளுக்கு நல்ல பலன் தருவதாகக் காட்டப்பட்டது குடும்பத்தை வைத்துச் செய்யும் வைத்தியம், லண்டனில் மோட்ஸ்லி ஆஸ்பத்திரியில் 1980களில் வளர்ந்தது. வருத்தம் தொடங்கி மூன்று வருடத்துக்குள் பிடித்தால் இன்னும் நல்லது. சுருக்கமாக, கொஞ்ச காலத்துக்குச் சாப்பாட்டுத் தீர்மானம் பிள்ளையிடமிருந்து பெற்றோர் கைக்கு வருகிறது. என்ன, எவ்வளவு, எப்போது என்பதை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள், மூன்று வேளையும் இடையில் சிற்றுண்டியும், ஒவ்வொரு தடவையும் ஒரு பெரியவர் பக்கத்தில். கோப்பையில் போடுவது நீங்கள், பிள்ளை சமையலறைக்கு வரத் தேவையில்லை. தேங்காய்ப்பால் சொதி, முட்டை, பட்டர் பூசிய பாண், கச்சான் என்று நம் சாப்பாட்டிலேயே போதும். நிறை திரும்பி வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பைப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுப்பது, கடைசியில் அந்த வயதுக்குரிய மற்றப் பிரச்சினைகளைக் கதைப்பது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று போகும்.

மேசையில் வாதம் வேண்டாம். எத்தனை கலோரி, ஏன் எண்ணெய் போட்டாய் என்று பிள்ளை வழக்காடும், அது வருத்தம் கதைப்பது. "கஷ்டமாக இருக்கு என்று தெரியும். இதுதான் இப்போ மருந்து. நீ முடிக்கும்வரை நான் இங்கேயே இருக்கிறேன்." திரும்பத் திரும்ப இதே மூன்று வரி, குரல் உயராமல். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் கூட இருங்கள், கரம் விளையாடுங்கள், நாடகம் பாருங்கள், டொய்லட்டுக்குத் தனியாக ஓடாமல். அம்மா ஒன்று சொல்ல அப்பா "பாவம், விடு" என்றால் எல்லாம் உடைந்துவிடும். நம் வீடுகளில் இன்னும் இரண்டு பேரை உடன்பட வைக்க வேண்டும்: அம்மம்மா, அப்புறம் வெளிநாட்டிலிருந்து வீடியோ கோலில் அறிவுரை சொல்லும் மாமா. ட்யூஷனை நிறுத்த மனம் வராது, குறிப்பாகப் புலமைப்பரிசில் வருடத்திலும் ஓஎல் வருடத்திலும். நாடி 50க்குக் கீழ் நிற்கும் பிள்ளை கணக்கு வகுப்புக்குப் போய் என்ன செய்யப்போகிறது? கலியாண வீடுகளில் "அட, நல்லாக் கொழுத்திட்டாய், இப்பதான் வடிவு" என்று கன்னத்தைக் கிள்ளுகிற சொந்தக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள், உடம்பைப்பற்றி நல்லதாகவும் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று. அந்த ஒரு வசனத்தில் ஒரு வாரச் சாப்பாடு போய்விடும்.

இந்த முறையை அப்படியே அர்ஃபிட் பிள்ளைக்குச் செய்யக் கூடாது, அங்கே வற்புறுத்தல் பயத்தைத்தான் வளர்க்கும். பாதுகாப்பான சாப்பாட்டைப் பறிக்காமல் அதன் பக்கத்துச் சாப்பாட்டுக்கு ஒரு அடி எடுத்துவைக்க வேண்டும். வெள்ளைப் பாண் மட்டும் என்றால், அதே பாணை லேசாக டோஸ்ட் செய்து, பிறகு பட்டர் ஒரு ஓரத்தில் மட்டும், பிறகு பணிஸ். முதலில் மேசையில் இருந்தால் போதும், அப்புறம் தொடுவது, மணப்பது, நாக்கில் வைத்துத் துப்புவது. துப்பலாம், அதற்கு ஒரு கிண்ணமே வையுங்கள். முள் பயத்துக்கு, சொதியில் நனைந்த இடியப்பம், பிறகு முள்ளே இல்லாத மீன் கட்லட்டில் ஒரு துளி. ஒரு புதுச் சாப்பாட்டுக்குப் பத்துப் பதினைந்து தடவை முயல வேண்டிவரும். தெரியாமல் ஒளித்துக் கலப்பது மட்டும் வேண்டாம், கண்டுபிடித்தால் இருந்த ஒன்றிரண்டு சாப்பாட்டையும் கைவிட்டுவிடும்.

குளிசை தேவைப்படும் இடங்களும் உண்டு: கடுமையான பதற்றம், ஓசிடி (கையில் கிருமி என்று கழுவிக்கொண்டே இருப்பது போல் விடாத எண்ணமும் சடங்கும்), மனச்சோர்வு, சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேட்பது, நஞ்சு கலந்திருக்கிறது என்பது போல் நடக்காததை நம்புவது). தொடங்கும்போது எதற்கு, எவ்வளவு காலம், என்ன பக்கவிளைவு என்று கேட்டு எழுதுங்கள். சைக்கோசிஸ் மருந்துகளில் பலவற்றுக்குப் பசியும் நிறையும் கூடும், அதனால் நிறை, சீனி, கொழுப்பு பார்க்க வேண்டும். அவற்றில் ஒன்றான குளோசபின் கொடுத்தால் வெள்ளை இரத்த அணு எண்ணிக்கையை ஒழுங்காகப் பார்த்தே ஆக வேண்டும், ஒரு தடவையும் தவறவிடாதீர்கள். சுகம் வந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேட்டது என்று வாங்கவும் கூடாது. வீட்டில் உள்ள பனடோல் உட்பட எல்லாக் குளிசையையும் பூட்டி வையுங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டியதாகிவிடும் என்று பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை, கேளுங்கள்.

வார்டிலிருந்து விடும்போது தரும் டயக்னோசிஸ் கார்டைப் படித்துப் பார்த்து, விளங்காத சொல்லை அங்கேயே கேட்டுத் தமிழில் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு ஃபோட்டோ கொப்பி எடுத்து, ஒன்று வளர்ச்சிக் கொப்பிக்குள், ஒன்று ஃபோனில் படமாக. லீவுக்கு யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ போகும் இடத்தில் இரவில் ஏதும் நடந்தால் அங்குள்ள டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான், அடுத்த கிளினிக் திகதியும் பெரும்பாலும் அதிலோ கிளினிக் கொப்பியிலோதான் எழுதியிருக்கும்.